அப்பா பெயருக்குப் போன மேற்கோள்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

சிங்கப்பூரில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் ஆய்வுத் துணைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஆய்வாளர்களின் கட்டுரைப் பட்டியல், மேற்கோள் எண்ணிக்கை (ஒரு கட்டுரையை மற்றக் கட்டுரைகள் எத்தனை முறை குறிப்பிட்டிருக்கின்றன என்பது), தரவுத்தளங்களில் அவர்கள் பெயர் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்பதையெல்லாம் பார்த்துச் சரிசெய்வது எங்கள் வேலையில் ஒரு பகுதி. 2023-இல் என் மேசைக்கு வந்த ஒரு விவகாரத்தைச் சம்பந்தப்பட்டவரின் சம்மதத்துடன் எழுதுகிறேன். யாரென்று தெரியாமலிருக்க அவருடைய ஆய்வுப் பொருளையும் சில எண்களையும் லேசாக மாற்றியிருக்கிறேன். கணக்கு மட்டும் கணக்காகவே இருக்கிறது. கூட்டிப் பார்த்தால் சரியாக வரும். எந்தப் பல்கலைக்கழகம், எந்தத் தரவுத்தளம் என்பது இங்கே முக்கியமில்லை.

பின்னணி

ஆய்வாளர் சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். நாற்பதை நெருங்கும் வயது, உதவிப் பேராசிரியர். கணினி வன்பொருளும் நெட்வொர்க்கும் சந்திக்கும் இடத்தில் அவருடைய ஆய்வு. ஒரே சிப்புக்குள் பல கோர்கள் (கணக்கிடும் பகுதிகள்) இருந்தால் அவை தமக்குள் தரவைப் பரிமாறிக்கொள்ள வேண்டும். பழைய முறையில் எல்லாக் கோர்களும் பஸ் எனப்படும் ஒரே தரவுப் பாதையைப் பகிர்ந்துகொள்ளும். கோர்கள் கூடக் கூட அந்தப் பாதை அடைத்துக்கொள்ளும். அதற்குப் பதில் சிப்புக்குள்ளேயே சின்னச் சின்ன ரூட்டர்களை வைத்துத் தரவைப் பாக்கெட்டுகளாக அனுப்பலாம் என்று வில்லியம் டாலியும் பிரையன் டவுல்ஸும் 2001-இல் ஒரு மாநாட்டுக் கட்டுரையில் வாதிட்டார்கள். அந்த வழியில் வந்தவர்தான் இவர். முனைவர் பட்டத்துக்கு, அந்த ரூட்டர்களில் பாக்கெட்டுகள் ஒன்றையொன்று மறித்துக்கொண்டு நின்றுவிடாமல் காப்பது எப்படி என்று ஆராய்ந்தார். பிறகு தரவு மையங்களில் சர்வரை நெட்வொர்க்கோடு இணைக்கும் அட்டைகளை எஃப்பிஜிஏ-வில் (தயாரித்த பிறகும் உள்ளமைப்பை மாற்றிக்கொள்ளக்கூடிய சிப்பில்) வடிவமைக்கும் பக்கம் போனார்.

இந்தத் துறையில் கட்டுரை வெளிவரும் விதத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மருத்துவத்திலும் வேதியியலிலும் இதழ்தான் பெரிது. கணினித் துறையில் மாநாடுதான் பெரிது. வன்பொருள்காரர்களுக்கு 1973-இல் தொடங்கிய ஐஎஸ்சிஏ, நெட்வொர்க்காரர்களுக்குச் சிக்காம் என்று சில மாநாடுகள் உண்டு. அங்கே ஒரு கட்டுரை ஏற்கப்பட்டால் அந்த வருஷம் நிம்மதி. அதே வேலையை விரித்து, ஏறத்தாழ 30 விழுக்காடு புதிதாகச் சேர்த்து இதழுக்கு அனுப்புவதும் வழக்கம். இவை இரண்டுக்கும் முன்னால் ஆர்க்சைவ் என்ற இலவச இணையதளத்தில் ஒரு முன்வரைவும் போடுவார்கள். ஆக ஒரே வேலை மூன்று உருவங்களில் உலவும். படிப்பவர் கையில் எது கிடைக்கிறதோ அதை மேற்கோள் காட்டுவார். தவிர, வன்பொருள் ஆய்வு மெதுவாக நகர்வது. வடிவமைத்து, சரிபார்த்து, தயாரிப்பு ஆலைக்கு அனுப்பிக் காத்திருந்தால், சிப் கைக்கு வர ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகலாம். வந்த பிறகு அது வேலையும் செய்யவேண்டும்.

சரி, இனிப் பெயர் விஷயம்.

அவருடைய ஐசியில் (அடையாள அட்டையில்) பெயர் நம் ஊர் வழக்கப்படி இருக்கிறது: முதலில் அவர் பெயர், நடுவில் டி, ஒரு சாய்கோடு, ஓ, பிறகு அப்பா பெயர். இன்னாரின் மகள் இன்னார் என்று அர்த்தம். வசதிக்காக அவர் பெயர் 'எஸ்'-இல் தொடங்குவதாகவும் அப்பா பெயர் 'எம்'-இல் தொடங்குவதாகவும் வைத்துக்கொள்வோம்.

2008-இல் முதல் மாநாட்டுக்குப் பதிவு செய்தபோது ஐசியில் இருந்தபடியே பெயரைத் தட்டினார். படிவம் சாய்கோட்டை ஏற்கவில்லை. எடுத்துவிட்டு அனுப்பினார். அந்தக் கட்டுரையின் பிடிஎஃப்பை என்னிடம் காட்டினார். முதல் பக்கத்தில், தலைப்புக்குக் கீழே, டியும் ஓவும் ஆளுக்கொரு புள்ளியோடு முதலெழுத்துகளாக நிற்கின்றன. வேறு யாரோ அதை மேற்கோள் காட்டிய இடத்தில் அப்பா பெயர் முன்னால் வந்து, பின்னால் எஸ், டி, ஓ என்று மூன்று எழுத்துகள். இப்படி 4 கட்டுரைகள்.

பிறகு அவருடைய வழிகாட்டி அந்த டியையும் ஓவையும் எடுத்துவிடச் சொன்னார். தன் பெயர், அப்பா பெயர் என்று இரண்டே சொல். தரவுத்தளங்களைப் பொறுத்தவரை கடைசிச் சொல்தான் குடும்பப் பெயர். இந்த வடிவத்தில் 23 கட்டுரைகள்.

ஒரு மாநாட்டில் அமர்வுத் தலைவர் இவரை மேடைக்கு அழைத்தபோது 'டாக்டர்' போட்டு அப்பா பெயரைச் சொன்னாராம். "வீட்ல வந்து சொன்னேன் அக்கா, அப்பாவுக்கு டாக்டர் பட்டம் கிடைச்சிருச்சுன்னு" என்று சிரித்தார். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதற்கப்புறம், 2016-இல் விரிவுரை வேலையில் சேர்ந்தபோது, பெயரை மாற்றி எழுதத் தொடங்கினார்: 'எம்' முதலெழுத்தாக முன்னால், தன் பெயர் முழுதாகப் பின்னால். இந்த வடிவத்தில் 14 கட்டுரைகள்.

மூன்று வடிவமும் நமக்கு ஒரே ஆள்தான். எந்தத் தமிழருக்கும் பார்த்த உடனே புரியும். குடும்பப் பெயர் என்று ஒன்று கட்டாயம் இருக்கும் என நம்பும் நிரலுக்குப் புரியவில்லை.

சிக்கல் வெளியே வந்தது

2023 தைப்பூசத்துக்கு மறுநாள், திங்கட்கிழமை, அவர் நூலகத்துக்கு வந்தார். இணைப் பேராசிரியர் பதவி உயர்வுக்கும் டென்யூருக்கும் (நிரந்தரப் பணிக்கும்) கோப்பு மார்ச் 31-க்குள் போகவேண்டும். துறை அலுவலகம் ஒரு கட்டணத் தரவுத்தளத்தில் அவர் பெயரைத் தேடி எடுத்த எண்கள்: 23 கட்டுரை, 318 மேற்கோள், எச்-இன்டெக்ஸ் 9. அவர் சிவியில், ஓர் இலவசத் தளத்தில் உள்ள தன் பக்கத்திலிருந்து எடுத்துப் போட்டிருந்த எண்கள்: 71 கட்டுரை, 1,486 மேற்கோள், எச்-இன்டெக்ஸ் 19. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்த துறைத் தலைவர், இந்த வித்தியாசத்துக்கு விளக்கம் தாருங்கள் என்று மரியாதையாக ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். மரியாதையாகத்தான், ஆனாலும் அது உறுத்தும்.

எச்-இன்டெக்ஸ் தெரியாதவர்களுக்கு: ஒருவருடைய கட்டுரைகளில் குறைந்தது 10 கட்டுரைகள் ஒவ்வொன்றும் 10 மேற்கோளாவது பெற்றிருந்து, 11 கட்டுரைகள் ஒவ்வொன்றும் 11 பெறவில்லையென்றால் அவருடைய எண் 10. ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005-இல் முன்வைத்தது. பெரிய ஆய்வுப் பல்கலைக்கழகங்களில் டென்யூருக்கு 12 அளவும் முழுப் பேராசிரியருக்கு 18 அளவும் இருக்கலாம் என்று அந்தக் கட்டுரையிலேயே சொல்லியிருந்தார். அவர் சொன்னது இயற்பியலுக்கு. துறை மாறினால் அந்த எண்ணும் மாறும் என்றும் அதே கட்டுரையில் இருக்கிறது. அந்தப் பின்பகுதியை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. 12, 18 மட்டும் குழு அறைகளில் சுற்றிக்கொண்டே இருக்கும். 9 என்றால் 12-க்குக் கீழே, 19 என்றால் 18-க்கு மேலே. இவருடைய கவலை அதுதான்.

நான் முதலில் நினைத்தது: கட்டணத் தளத்தில் பெயர் உடைந்திருக்கும், சேர்த்துவிட்டால் எண் ஏறும், வேலை முடிந்தது. பாதிதான் சரி.

கண்டவை

கட்டணத் தளத்தில் அவர் மூன்று ஆட்களாக இருந்தார். அப்பா பெயரைக் குடும்பப் பெயராகக் கொண்ட முதல் ஆள், 23 கட்டுரை, 318 மேற்கோள், எண் 9. சொந்தப் பெயரைக் குடும்பப் பெயராகக் கொண்ட இரண்டாவது ஆள், 14 கட்டுரை, 246 மேற்கோள், எண் 8. டி, ஓ என்ற முதலெழுத்துகள் கொண்ட மூன்றாவது ஆள், 4 கட்டுரை, 71 மேற்கோள், எண் 3. துறை அலுவலகம் முதல் ஆளை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டது. அதைக் குறைசொல்ல முடியாது. கேட்டது கிடைத்ததும் யாராக இருந்தாலும் நிறுத்தத்தான் செய்வார்கள்.

சேர்த்தால் 41 கட்டுரை, 635 மேற்கோள். எண் எவ்வளவு வரும்? அவர் சட்டென்று "இருபதா?" என்று கேட்டார், 9-ஐயும் 8-ஐயும் 3-ஐயும் கூட்டி. அப்படி வராது. மூன்று பட்டியலையும் ஒன்றாகக் கலந்து பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கவேண்டும். ஒரு தாளில் எழுதினோம்: 74, 61, 52, 44, 38, 37, 33, 30, 28, 24, 21, 20, 19, 16, 15, 15. பதினைந்தாவது இடத்தில் 15 நிற்கிறது. பதினாறாவது இடத்துக்கு 16 வேண்டும், இருப்பது 15. ஆக எண் 15. அந்த மூன்றாவது ஆளின் 4 கட்டுரைகள் தனியாக நின்றபோது ஒன்றுக்கும் ஆகாதவை போலத் தெரிந்தன. அவற்றில் மூன்று (33, 20, 15) இந்தப் பதினைந்துக்குத் தோள் கொடுப்பவை.

இதுவரை நல்ல செய்தி. அடுத்து இலவசத் தளத்தைத் திறந்தோம்.

2013-இல் அவர் அந்தப் பக்கத்தைத் தொடங்கியபோது, புதிய கட்டுரைகளைத் தளமே தேடித் தானாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுத்திருந்தார். பத்து வருஷமாக அது சேர்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. அவர் எப்போதும் ஆண்டு வரிசையில்தான் பார்ப்பாராம், புதிதாக என்ன வந்தது என்று. நான் மேற்கோள் வரிசைக்கு மாற்றினேன். முதலிடத்தில் 212 மேற்கோளுடன் கம்பியில்லா உணரி நெட்வொர்க்குகளில் வழி தேடும் முறை பற்றி ஒரு கட்டுரை.

"இது எனது இல்லையே" என்றார்.

திரையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் இரண்டு பேரும் எதுவும் பேசவில்லை. கீழே வரவர இன்னும் எட்டு கட்டுரைகள். 58, 41, 33, 19, 12, 6, 2, 0. எல்லாம் தமிழ்நாட்டில் ஒரு கல்லூரி ஆசிரியர் எழுதியவை. அவருக்கும் இவர் அப்பா பெயர்தான் கடைசியில், முதலெழுத்தும் எஸ். நெட்வொர்க் என்ற சொல் இரண்டு பேருக்கும் பொது. வேதியியல் கட்டுரை ஏதாவது வந்து விழுந்திருந்தால் என்றைக்கோ கண்ணில் பட்டிருக்கும். பக்கத்துத் துறைக் கட்டுரை என்பதால் பத்து வருஷம் யார் கண்ணிலும் படவில்லை.

இந்த 9 கட்டுரைகளோடு 383 மேற்கோள் போகும். அப்புறம் ஆர்க்சைவ் முன்வரைவும் மாநாட்டுக் கட்டுரையும் தனித்தனியாக நின்ற 7 இடங்களைச் சேர்க்கவேண்டும். அங்கே ஒரு நுணுக்கம் உண்டு. முன்வரைவையும் மாநாட்டு வடிவத்தையும் ஒரே கட்டுரையில் சேர்த்துக் குறிப்பிட்டவர்கள் சிலர் இருப்பார்கள். இணைத்தால் அந்த இரண்டு ஒன்றாகிவிடும். 14 மேற்கோள் அப்படிக் கரைந்தது. கடைசியில் 55 கட்டுரை, 1,089 மேற்கோள், எண் 17.

கட்டணத் தளத்தில் 635, இலவசத் தளத்தில் 1,089. சுத்தம் செய்த பிறகும் இவ்வளவு வித்தியாசம் ஏன் என்று துறைத் தலைவரும் பிறகு கேட்டார். கட்டணத் தளம் தான் தேர்ந்தெடுத்த இதழ்களிலும் மாநாட்டுத் தொகுப்புகளிலும் வரும் மேற்கோள்களை மட்டும் எண்ணும். இலவசத் தளம் இணையத்தில் கட்டுரை மாதிரி இருக்கும் எதையும் எண்ணும்; ஆய்வேடு, முன்வரைவு, தொழில்நுட்ப அறிக்கை எல்லாம் அதில் அடக்கம். கட்டண வகையில் ஸ்கோபஸும் இலவச வகையில் கூகுள் ஸ்காலரும் 2004 நவம்பரில், ஒரே மாதத்தில், வெளிவந்தவை. ஒரே கேள்விக்கு அன்றிலிருந்தே இரண்டு வேறு பதில்கள்தான். இதில் எது பொய் என்று கேட்பதில் பயனில்லை.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவை அவர் அங்கேயே எடுத்தார். அந்த 9 கட்டுரைகளையும் அப்போதே நீக்கினார், நான் ஒன்றும் சொல்வதற்கு முன்னால். தானாகச் சேர்க்கும் அனுமதியையும் நிறுத்தினார். அவருடைய மூத்த சகா ஒருவர் பிறகு, "மார்ச் வரைக்கும் விட்டு வச்சிருக்கலாமே, யாரு பாக்கப் போறா" என்றாராம். சொன்னவர் கெட்டவர் இல்லை. இவருக்கு நல்லது நடக்கவேண்டும் என்று நினைத்தவர். குழு உறுப்பினர் யாராவது மேற்கோள் வரிசைக்கு மாற்றிப் பார்த்தால் முதல் வரியிலேயே கோப்பு முழுவதும் சந்தேகத்துக்கு இடமாகிவிடும் என்பது என் கணக்கு. அவர் அப்படிக் கணக்குப் போட்டதாகத் தெரியவில்லை.

இரண்டாவது முடிவில் நாங்கள் உடன்படவில்லை. 2021-இல் ஓர் ஆய்வு நிதி விண்ணப்பத்தில் இலவசத் தளத்தின் அன்றைய எண்ணை எழுதியிருந்தார்: 16. ஆண்டுவாரியாகப் பின்னோக்கிக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். அந்த ஆசிரியரின் கட்டுரைகளைக் கழித்தால் 14 வரும். நிதி கிடைத்து, வேலை பாதி முடிந்துவிட்டது. பழையதைக் கிளறவேண்டாம், இனி வருவதைச் சரியாக எழுதினால் போதும் என்றேன். நிதி வழங்கியவர்கள் 16-க்கும் 14-க்கும் இடையே முடிவை மாற்றியிருக்கமாட்டார்கள் என்பது என் வாதம். "மாத்தியிருக்க மாட்டாங்கன்னா சொல்றதுல என்ன கஷ்டம் அக்கா?" என்று கேட்டுவிட்டு அன்று மாலையே எழுதினார். இரண்டு வாரம் கழித்து ஒரே வரியில் பதில் வந்தது: தகவல் கோப்பில் சேர்க்கப்பட்டது. அவ்வளவுதான். நான் சொன்னது தவறு என்று இப்போது நினைக்கிறேன்.

மூன்றாவது, இனி எந்தப் பெயர்? 23 கட்டுரைகள் இருப்பதால் அப்பா பெயர் வடிவத்துக்கே திரும்பிவிடுவது எளிது என்று நான் சொன்னேன். நூலகக்காரர் புத்தி அப்படித்தான் போகும். பெரிய குவியலோடு சின்னக் குவியலைச் சேர்ப்பது. அவர் மறுத்துவிட்டார். "அப்பா பேரு அப்பாவோடது. என் பேரு எனக்கு வேணும்." சரி என்று அதற்கேற்ப ஏற்பாடு செய்தோம். ஆர்க்கிட் எண் எடுத்தார். நம் தேசிய மலர் இல்லை. 2012-இல் தொடங்கிய, ஆய்வாளர்களுக்கான 16 இலக்க அடையாள எண். அதன் பக்கத்தில் பழைய இரண்டு பெயர் வடிவங்களையும் 'இப்படியும் அறியப்படுபவர்' என்று சேர்த்தோம். கட்டுரைகள் ஒவ்வொன்றையும் அந்த எண்ணோடு இணைத்தோம்.

டிபிஎல்பிக்கும் எழுதினோம். 1993-இல் ஜெர்மனியின் டிரியர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் லே தொடங்கிய கணினித் துறைக் கட்டுரைப் பட்டியல் அது. மேற்கோள் எண்ணிக்கைக்காக வந்ததில்லை. யார் எதை எழுதினார் என்பதுதான் அதன் அக்கறை. பெயர் ஒன்றாக இருப்பவர்களை 0001, 0002 என்று எண் போட்டுப் பிரிக்கும். ஒருவருக்குப் பல பெயர் இருந்தால் ஒரே பக்கத்தில் வைக்கும். நாங்கள் எழுதியபடி மூன்று பெயரும் ஒரே பக்கத்துக்கு வந்தன. வன்பொருள், நெட்வொர்க் ஆட்கள் யாருக்காவது இந்த மாதிரிப் பிரச்சினை இருந்தால் அங்கிருந்து தொடங்குங்கள் என்பேன்.

நான்காவதாக, கோப்போடு ஒரு பக்க விளக்கக் குறிப்பு வைத்தோம். மூன்று பெயர்கள், அவை வந்த காரணம், எந்தத் தளத்தில் எந்தத் தேதியில் என்ன எண், என்ன நீக்கப்பட்டது, என்ன இணைக்கப்பட்டது. விளக்கத்தில் மன்னிப்புத் தொனி வேண்டாம் என்று மட்டும் நான் சொன்னேன். பெயர் வைத்ததற்கு யாரும் மன்னிப்புக் கேட்கவேண்டியதில்லை.

நான் செய்த தவறு

கட்டணத் தளத்தில் மூன்று ஆட்களையும் ஒன்றாக்கும்படி கோரிக்கை அனுப்பியபோது ஒரு கட்டுரையைக் கூடுதலாகச் சேர்த்துவிட்டேன். அதே முதலெழுத்து, அதே கடைசிப் பெயர், அதே பல்கலைக்கழகம். தலைப்பில் ரூட்டிங் என்ற சொல்லும் இருந்தது. மழைநீர் வடிகால்களின் ரூட்டிங். கட்டடப் பொறியியலில் ஒரு பட்ட மாணவர் எழுதியது. 6 மேற்கோள்.

மார்ச் 20 அளவில் அவர்தான் கண்டுபிடித்தார், "அக்கா, நான் எப்ப சாக்கடைப் பக்கம் போனேன்?" என்று கேட்டு. திருத்தக் கோரிக்கை அனுப்பினோம். மற்றவர் கட்டுரையைத் தவறாகச் சுமந்ததைச் சரிசெய்ய வந்தவரிடம், நானே இன்னொருவர் கட்டுரையை ஏற்றி வைத்தது கூச்சமாக இருந்தது. திருத்தம் நடக்க மே மாதம் ஆயிற்று. அதனால் மார்ச் 31-இல் கோப்பு போனபோது தளத்தில் 42 கட்டுரை, 641 மேற்கோள். எங்கள் குறிப்பில் 41 கட்டுரை, 635 மேற்கோள், கூடவே அந்த ஒன்று ஏன் கழிக்கப்பட்டது என்று ஒரு வரி.

பின்னர் நடந்தது

குழுவிலிருந்து ஒரே ஒரு கேள்விதான் எழுத்தில் வந்தது: சென்ற ஆண்டு அறிக்கையில் 18 என்று இருந்த எண் இந்த ஆண்டு 17 ஆனது எப்படி, எச்-இன்டெக்ஸ் குறையாதே? நியாயமான கேள்வி. மேற்கோள் சேர்ந்துகொண்டே போகுமே தவிரக் குறையாது என்பதால் இந்த எண் இயல்பாக இறங்காது. தேதி போட்ட குறிப்பு கையில் இருந்ததால் பத்து நிமிஷத்தில் பதில் அனுப்ப முடிந்தது.

பதவி உயர்வு 2024 தொடக்கத்தில் உறுதியானது. 9 என்ற எண்ணோடு போயிருந்தால் கிடைத்திருக்காது என்றோ 15 என்பதால் கிடைத்தது என்றோ சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. வெளி மதிப்பீட்டாளர்களின் கடிதங்கள் இரகசியம். நான் பார்க்கவில்லை, பார்க்கவும் கூடாது. அவர் துறையில் உள்ளவர்கள் பேசிக்கொள்வதை வைத்துச் சொன்னால், அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது ஒரு சின்ன மென்பொருள்: சிப்புக்குள் இருக்கும் நெட்வொர்க்கைச் சோதிக்கச் செயற்கையாகப் போக்குவரத்தை உண்டாக்கும் கருவி. முனைவர் பட்டக் காலத்தில் தன் தேவைக்கு எழுதி, இலவசமாக வெளியிட்டது. பல ஆய்வுக்கூடங்களில் அதைப் பயன்படுத்துகிறார்கள். பயன்படுத்துபவர்களில் நிறையப் பேர் அடிக்குறிப்பில் இணைய முகவரியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அடிக்குறிப்பு முகவரி எந்த எண்ணிக்கையிலும் சேராது. அவருடைய ஆய்வில் உலகம் அதிகம் தொட்ட பகுதி, கணக்கில் குறைவாகத் தெரியும் பகுதியும் அதுவே.

இப்போது, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் அந்தக் கருவிக்குள்ள பக்கத்தில் எப்படி மேற்கோள் காட்டுவது என்று ஒரு கோப்பு வைத்திருக்கிறார். 2021 முதல் கிட்ஹப் அப்படிப்பட்ட கோப்பைப் படித்து, பக்கத்தின் ஓரத்தில் பொத்தானாகக் காட்டுகிறது. வைத்த பிறகு கொஞ்சம் கூடியிருக்கிறது என்கிறார்.

அந்தக் கல்லூரி ஆசிரியருக்கும் அவர் ஒரு மின்னஞ்சல் அனுப்பினார், உங்கள் கட்டுரைகள் தவறாக என் பக்கத்தில் இருந்தன, நீக்கிவிட்டேன் என்று. அவருக்கு அந்தத் தளத்தில் பக்கமே இல்லை. "மேடம், தகவலுக்கு மிக்க நன்றி" என்று பதில் வந்தது. சில மாதம் கழித்துப் பார்த்தபோது அவருக்கென்று ஒரு பக்கம் இருந்தது. முதல் வரியில் 212-ஐத் தாண்டிய அந்தக் கட்டுரை.

இப்போது வேறு மாதிரி செய்வது

முதலில் தரவுத்தளத்தைத் திறப்பதை நிறுத்திவிட்டேன். ஆய்வாளரையே உட்காரவைத்து, அவர் எழுதியவற்றை ஞாபகத்திலிருந்தும் பழைய கணினியிலிருந்தும் பட்டியல் எடுக்கச் சொல்கிறேன். அந்தப் பட்டியல் கைக்கு வந்த பிறகுதான் தளங்களோடு ஒப்பிடுவது. தளத்திலிருந்து தொடங்கினால் விடுபட்டது தெரியாது. தவறாக ஏறியதும் அவருடையது போலவே தோன்றும்.

பல்கலைக்கழகப் பெயர் பொருந்துகிறது என்பதற்காக எதையும் சேர்ப்பதில்லை. கூட எழுதியவர் பெயரில் ஒன்றாவது தெரிந்ததாக இருக்கவேண்டும். வடிகால் கற்பித்த பாடம்.

ஆகஸ்டில் புதிய முனைவர் பட்ட மாணவர்களுக்கு நடக்கும் அறிமுக நாளில் பெயருக்கென்று கால் மணி நேரம் கேட்டு வாங்கியிருக்கிறேன். முதல் கட்டுரை எழுதுமுன் பெயர் வடிவத்தை முடிவு செய்யுங்கள், ஆர்க்கிட் எண் எடுங்கள், தானாகச் சேர்க்கும் அனுமதி கொடுத்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மேற்கோள் வரிசையில் பாருங்கள். தமிழர்களுக்காகத் தொடங்கினேன். முதல் கூட்டத்திலேயே மலாய் மாணவி ஒருவர் எழுந்து, தன் பெயரில் இன்னாரின் மகள் என்ற பொருளில் வரும் 'பிந்தே' நடுப்பெயராகிவிட்டதைச் சொன்னார். சீன மாணவர் ஒருவருக்குக் குடும்பப் பெயர் முன்னால் வருவதால், பெயரின் கடைசி அசை குடும்பப் பெயராகிவிட்டதாம். கால் மணி நேரம் முக்கால் மணி நேரமானது.

பதவி உயர்வுக் குழுக்களிடமும் ஒன்று சொல்லிப் பார்க்கிறேன், எந்த அளவு கேட்கிறார்கள் என்பது வேறு விஷயம். எண்ணோடு தளத்தின் பெயரும் தேதியும் சேர்த்துக் கேளுங்கள் என்பதே அது. யூஜின் கார்ஃபீல்ட் 1955-இல் மேற்கோள் அட்டவணை என்ற யோசனையை எழுதியதும், 1964-இல் அவருடைய நிறுவனம் அதை அச்சில் கொண்டுவந்ததும், ஒரு கட்டுரையிலிருந்து அடுத்த கட்டுரைக்கு வழி தேடுவதற்காக. ஆளை நிறுப்பதற்கு அது தராசாகப் பிற்பாடுதான் ஆனது. 2012 டிசம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவில் உருவான ஆய்வு மதிப்பீட்டுப் பிரகடனமும் கட்டுரை வந்த இதழின் மேற்கோள் எண்ணை வைத்து ஆளை எடைபோடாதீர்கள் என்றுதான் சொல்கிறது. கோட்பாட்டளவில் யாரும் மறுப்பதில்லை. படிவத்தில் மட்டும் அந்தக் கட்டம் அப்படியே இருக்கிறது.

தற்போதைய நிலை

சென்ற மாதம் வழக்கமான ஆறு மாதச் சோதனைக்கு வந்தார். மூன்று பெயரும் ஒன்றாகவே இருந்தன. பக்கத்திலேயே புதிதாக நான்காவது ஆள் ஒருவர், ஒரே கட்டுரையோடு. வெளிநாட்டுச் சகா ஒருவர் கூட்டுக் கட்டுரையை அனுப்பும்போது பழைய கோப்பிலிருந்து பெயரை எடுத்துப் போட்டிருக்கிறார். டியும் ஓவும் மறுபடி வந்துவிட்டன, இந்த முறை இரண்டும் ஒட்டி ஒரே சொல்லாக. இணைப்புக் கோரிக்கை அனுப்பியிருக்கிறோம். அவர் கைப்பேசியில் அதைப் படம் பிடித்துக்கொண்டார், அப்பாவுக்கு அனுப்ப.